எங்கிருந்து வந்தது இவ்வொளி?

நுழையும் முன்

இரவு வானம் அமைதியானது என்பது கண்ணுக்குத் தோன்றும் தோற்றமே. ஏறத்தாழ நாளுக்கு ஒரு முறை, விண்ணின் ஏதோ ஒரு திசையில் காமாக்கதிர்களின் பேரொளி தோன்றிச் சில நொடிகளில் மறைகிறது. மனிதக் கண் அதனைக் காண்பதில்லை. மண்ணிலிருந்து நோக்கும் தொலைநோக்கிகளும் அக்கதிர்களை நேரே காண்பதில்லை. விண்வெளியில் சுற்றும் கருவிகளே அதனைக் கண்டன. கண்ட பின்னரும், அவ்வொளி எங்கிருந்து வந்தது என்னும் வினாவிற்கு விடை கிடைக்க முப்பது ஆண்டுகள் ஆயின. அத்தேடலையும் அதனால் விளைந்த அறிவையும் இப்பாடம் விளக்குகிறது.

1. கண்காணா ஒளி

வானொலி அலைகள், அகச்சிவப்புக் கதிர்கள், கண்ணுக்குத் தெரியும் ஒளி, புறஊதாக் கதிர்கள், எக்ஸ் கதிர்கள், காமாக்கதிர்கள் ஆகிய அனைத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றை வேறுபடுத்துவது ஆற்றலே. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு துகள் இரண்டு அல்லது மூன்று எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைத் தாங்கி வருகிறது. காமாக்கதிரின் ஒரு துகளோ இலட்சக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைத் தாங்கி வருகிறது.

விண்ணிலிருந்து வரும் காமாக்கதிர்களைப் பூமியின் வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. உயிரினங்களுக்கு அது காப்பு. வானியல் அறிஞர்களுக்கு அதுவே திரை. எனவே இக்கதிர்களைக் காண விரும்புவோர் கருவிகளை வளிமண்டலத்திற்கு அப்பால் அனுப்ப வேண்டியுள்ளது.

கருவியை மேலே அனுப்பினாலும் மற்றோர் இடர் எஞ்சுகிறது. காமாக்கதிர்கள் ஊடுருவும் வன்மை மிக்கவை. சாதாரணத் தொலைநோக்கியின் ஆடிகளும் வில்லைகளும் அவற்றைக் குவிப்பதில்லை. ஆகவே சோடியம் அயோடைடு போன்ற படிகங்களை அறிஞர்கள் பயன்படுத்தினர். காமாத்துகள் ஒன்று படிகத்தில் பாயும்போது சிறு ஒளிப்பொறி தோன்றும். அப்பொறிகளை எண்ணிக் கதிரின் அளவை அறியலாம். எத்துணைத் துகள்கள், எந்த நொடியில் வந்தன என்பதைப் படிகம் நன்கு கூறும். எத்திசையிலிருந்து வந்தன என்பதைத் தெளிவாகக் கூறாது. நீண்ட காலம் நீடித்த புதிருக்கு இக்குறையே அடிப்படை.

2. ஒப்பந்தத்தைக் காக்கச் சென்ற கோள்கள்

1963-ஆம் ஆண்டு அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுகுண்டுச் சோதனை நடத்துவதை அது தடைசெய்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலும் ஒருவர் மீது ஒருவருக்கு இருந்த ஐயம் நீங்கவில்லை. மறைவாக எவரேனும் விண்வெளியில் குண்டு வெடித்தால் அதிலிருந்து கிளம்பும் காமாக்கதிர்கள் காட்டிக்கொடுக்கும் எனக் கருதிய அமெரிக்கா, வேலா என்னும் செயற்கைக்கோள்களை இணை இணையாக ஏவியது. பூமியிலிருந்து ஒரு இலட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால், எதிரெதிர்ப் பக்கங்களில் அவை இரவுபகல் காவல் புரிந்தன.

1967 ஜூலை 2 அன்று வேலா கோள்கள் ஒரு காமாக்கதிர் வெடிப்பைப் பதிவுசெய்தன. அணுகுண்டு வெடித்தால் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் கதிர்கள் உச்சத்தை எட்டிப் பின் தேய வேண்டும். இந்த வெடிப்போ ஒரு முறை எழுந்து, தணிந்து, மீண்டும் எழுந்து, பல நொடிகள் நீடித்தது. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ரே கிளெபசாடலும் ராய் ஓல்சனும் 1969-இல் பழைய பதிவுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது இதனைக் கண்டனர். இது குண்டன்று என்பது தெளிவாயிற்று. வேறு என்ன என்பது விளங்கவில்லை.

அவர்கள் அவசரப்படவில்லை. காலத்தை நுட்பமாக அளக்கும் புதிய வேலா கோள்கள் ஏவப்படும் வரை காத்திருந்தனர். பின் கோள்களுக்கிடையே ஒளி வந்து சேரும் காலவேறுபாட்டைக் கொண்டு திசையைக் கணித்தனர்.

அக்கணக்கு எளியது. கடலில் இடைவெளி விட்டு நிற்கும் இரு படகுகளை நோக்கி ஓர் அலை வருகிறது எனக் கொள்வோம். அலை நேர் எதிரே வந்தால் இரு படகுகளும் ஒரே வேளையில் அசையும். பக்கவாட்டில் வந்தால் ஒன்று முன்னும் மற்றொன்று பின்னும் அசையும். அந்த முன்பின் காலத்தை அளந்தால் அலை வந்த திசை புலப்படும். ஒளி நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் செல்கிறது. 2,40,000 கிலோமீட்டர் இடைவெளியில் இரு கோள்கள் நின்றால் காலவேறுபாடு மிகுதியாக 0.8 நொடி இருக்கும். அதற்குள் அடங்கும் சிறு வேறுபாடுகளே திசையைக் காட்டும் குறிகள்.

இவ்வாறு கணித்ததில், வெடிப்புகள் பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை என்பது உறுதியாயிற்று. கிளெபசாடல், இயன் ஸ்ட்ராங், ஓல்சன் ஆகிய மூவரும் 1973-இல் பதினாறு வெடிப்புகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். பகைவரை வேவு பார்க்கச் சென்ற கருவி, எவரும் எதிர்பாராத ஓர் இயற்கை நிகழ்வை உலகிற்கு அறிவித்தது.

3. அருகிலா, தொலைவிலா?

இருளில் ஒரு விளக்கொளி தெரிகிறது. அது அருகிலுள்ள அகல்விளக்கா, தொலைவிலுள்ள கலங்கரை விளக்கமா? தொலைவை அறியாமல் விளக்கின் ஆற்றலை அறிய இயலாது. காமாக்கதிர் வெடிப்புகளிலும் இதே இடர்ப்பாடு எழுந்தது. அவை நமது பால்வெளித் திரளுக்குள் நிகழ்ந்தால், அவற்றின் ஆற்றல் வியப்புக்குரியதன்று. பிற விண்மீன் திரள்களில் நிகழ்ந்தால், சூரியன் தன் வாழ்நாள் முழுவதும் வெளியிடும் ஆற்றலுக்கு நிகரானதைச் சில நொடிகளில் கொட்டும் நிகழ்வாக அவை இருத்தல் வேண்டும்.

1991 ஏப்ரலில் அட்லாண்டிஸ் விண்வெளி ஓடம் காம்டன் என்னும் ஆய்வுக்கலத்தை விண்ணில் நிலைநிறுத்தியது. அதன் எட்டு மூலைகளிலும் எட்டு உணர்கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன. எத்திசையில் வெடிப்பு நிகழினும், அத்திசையை நோக்கிய கருவிகள் மிகுதியாகவும் பிற கருவிகள் குறைவாகவும் துகள்களைப் பெறும். அவ்வேறுபாடு திசையைக் காட்டும். 2000-ஆம் ஆண்டு வரை அது 2,704 வெடிப்புகளைப் பதிவுசெய்தது.

வெடிப்புகள் பால்வெளித் தட்டில் நிகழ்ந்திருந்தால், வானில் பால்வெளி தெரியும் பட்டையிலேயே அவை செறிந்திருக்க வேண்டும். ஆனால் அவை வானமெங்கும் சமமாகப் பரவியிருந்தன. வெடிப்புகள் இரு வகைப்படும் என்பதும் இக்கலத்தின் பதிவுகளால் தெளிவாயிற்று. இரண்டு நொடிக்கும் குறைவாக நீடிப்பவை ஒரு வகை. அதனினும் நெடிது நீடிப்பவை மற்றொரு வகை.

ஆயினும் வழக்கு முடியவில்லை. 1995 ஏப்ரலில் வாஷிங்டன் நகரில் ஒரு சொற்போர் நடைபெற்றது. வெடிப்புகள் பிற விண்மீன் திரள்களில் நிகழ்பவை என்று போடான் பசின்ஸ்கி வாதிட்டார். பால்வெளியைச் சூழ்ந்த மிகப் பெரிய ஒளிவட்டப் பகுதியில் நிகழ்ந்தாலும் அவை சமமாகப் பரவியே தோன்றும் என்று டொனால்ட் லாம்ப் மறுத்தார். மார்ட்டின் ரீஸ் நடுவராக இருந்தார். இரு பக்கமும் சான்றுகள் இருந்தன; முடிவான சான்று எப்பக்கமும் இல்லை. முழுநிலவின் அகலம் அரைப் பாகை. காம்டன் சுட்டிய இடமோ பல பாகை அகலமுடையது. அத்துணைப் பெரிய பரப்பில் ஆயிரக்கணக்கான விண்மீன்களும் திரள்களும் உள்ளன. அவற்றுள் எது வெடித்தது என எவரால் சொல்ல இயலும்?

4. பின்னொளி காட்டிய வழி

தணல் அவிந்த பின்னும் சாம்பலில் வெம்மை எஞ்சும். அதுபோலக் காமாக்கதிர் வெடிப்பு மறைந்த பின்னும் எக்ஸ் கதிர்களிலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் மங்கலான பின்னொளி எஞ்ச வேண்டும் எனக் கோட்பாட்டாளர்கள் கூறிவந்தனர். அப்பின்னொளியைக் கண்டுபிடித்தால் இடத்தையும் கண்டுபிடிக்கலாம். ஆனால் அது விரைந்து மங்கிவிடும்.

1996-இல் ஏவப்பட்ட பெப்போசாக்ஸ் என்னும் இத்தாலிய, டச்சுச் செயற்கைக்கோள் இதற்கு ஏற்றதாக அமைந்தது. 1997 பிப்ரவரி 28 அன்று அது ஒரு வெடிப்பைக் கண்டது. அதனை இயக்கிய குழுவினர் சில மணி நேரத்திற்குள் கோளைத் திருப்பி, அதன் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகளை அத்திசையில் நாட்டினர். அங்கே முன்பு அறியப்படாத ஓர் எக்ஸ் கதிர்ப் புள்ளி தெரிந்தது. சில நாள்களில் அது மங்கியது. இடம் அறிவிக்கப்பட்டவுடன் கேனரித் தீவுகளிலுள்ள வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி அத்திசையைப் படம் பிடித்தது. ஒரு வாரத்திற்குப் பின் எடுத்த படத்தோடு ஒப்பிட்டபோது, முதற்படத்தில் இருந்த ஓர் ஒளிப்புள்ளி மறைந்திருந்தது. பின்னொளியின் முதற்சான்று அதுவே.

அதே ஆண்டு மே 8 அன்று மற்றொரு வெடிப்பு நிகழ்ந்தது. ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கி அதன் பின்னொளியை நிறமாலையாகப் பிரித்தது. பேரண்டம் விரிவதால், தொலைவிலிருந்து வரும் ஒளியின் அலைநீளம் கூடிச் சிவப்புப் பக்கம் நகர்கிறது. அந்நகர்வை அளந்த அறிஞர்கள், அவ்வொளி ஏறத்தாழ 700 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்தது என அறிந்தனர். வெடிப்புகள் மிகத் தொலைவில் நிகழ்பவையே. பசின்ஸ்கியின் கருத்து வென்றது. மாற்றுக் கருத்துரைத்தோர் எழுப்பிய வினாக்களே இத்தகைய உறுதியான சான்றின் தேவையை உணர்த்தின என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

5. வெடிப்பது எது?

தொலைவு தெரிந்தபின் காரணம் தெரியலாயிற்று. சூரியனைப் போலப் பன்மடங்கு பொருண்மை கொண்ட விண்மீன், எரிபொருள் தீர்ந்ததும் தன் எடையைத் தானே தாங்கமாட்டாது உள்நோக்கிச் சரிகிறது. அதன் நடுவே கருந்துளை பிறக்கிறது. அதில் விழும் பொருள்களின் ஒரு பகுதி, இரு எதிர்த்திசைகளில் ஒளியின் வேகத்தை அணுகும் தாரைகளாகப் பீறிட்டு எழுகிறது. கைவிளக்கின் ஒளிபோல ஒடுங்கிய அத்தாரை பூமியை நோக்கியிருந்தால், நெடிது நீடிக்கும் காமாக்கதிர் வெடிப்பாகத் தோன்றுகிறது. 1998 ஏப்ரல் 25 அன்று கண்ட வெடிப்பின் திசையிலேயே ஒரு சூப்பர்நோவாவும் தோன்றியது. விண்மீனின் இறப்பிற்கும் வெடிப்பிற்கும் உள்ள தொடர்பை அது காட்டியது.

குறுகிய வெடிப்புகளின் கதை வேறு. இரு நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றி, இறுதியில் மோதி இணைவதால் அவை எழுகின்றன எனக் கருதப்பட்டது. 2017 ஆகஸ்ட் 17 அன்று அதற்குச் சான்று கிட்டியது. அமெரிக்காவின் லைகோ, இத்தாலியின் விர்கோ ஆகிய நிலையங்கள் ஈர்ப்பு அலைகளைப் பதிவுசெய்தன. நியூட்ரான் விண்மீன்கள் இணைந்த 1.7 நொடிக்குப் பின் ஃபெர்மி விண்கலம் குறுகிய காமாக்கதிர் வெடிப்பைக் கண்டது. ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு விண்மீன் திரளில் அந்நிகழ்வு நடந்தது. பொன் போன்ற கனத்த தனிமங்கள் இத்தகைய இணைவுகளில் உருவாகின்றன என்பதற்கும் அதன் பின்னொளி சான்றளித்தது.

6. நொடிகளோடு போட்டி

பெப்போசாக்ஸ் மணிக்கணக்கில் செய்ததை நொடிக்கணக்கில் செய்ய வேண்டும் என்னும் நோக்கோடு 2004 நவம்பரில் ஸ்விஃப்ட் ஏவப்பட்டது. அதன் காமாக்கதிர்க் கருவியின் மேல் ஆயிரக்கணக்கான ஈயத் துண்டுகள் ஒழுங்கற்ற கோலமாகப் பதிக்கப்பட்டுள்ளன. வெயில் சாளரத்தின் வழியே நுழையும்போது தரையில் விழும் கம்பிகளின் நிழல், கதிரவன் நிற்கும் திசைக்கேற்ப இடம் மாறும். அதுபோல ஈயக் கோலத்தின் நிழல் விழும் இடத்தைக் கொண்டு கலத்தின் கணினி வெடிப்பின் திசையைக் கணிக்கிறது. உடனே கலம் தானே திரும்பித் தன் எக்ஸ் கதிர், புறஊதாத் தொலைநோக்கிகளை அங்கே நாட்டுகிறது. மனிதரின் ஆணைக்கு அது காத்திருப்பதில்லை.

கணித்த இடம் உடனுக்குடன் தரைக்கு அனுப்பப்பட்டு, இணைய வலையத்தின் வழியே உலகெங்குமுள்ள வானாய்வு நிலையங்களுக்குக் கட்டணமின்றி அறிவிக்கப்படுகிறது. எந்த நாட்டில் அப்போது இரவோ, எங்கே முகில் இல்லையோ, அங்குள்ளோர் தம் தொலைநோக்கியைத் திருப்புகின்றனர். 2009 ஏப்ரல் 23 அன்று ஸ்விஃப்ட் கண்ட ஒரு வெடிப்பின் ஒளி ஏறத்தாழ 1,300 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்தது என்பது இவ்வாறே அறியப்பட்டது. பேரண்டம் இளமையாக இருந்த காலத்து விண்மீன் ஒன்றின் இறுதி ஒளி அது.

7. இந்தியாவின் கண்

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆஸ்ட்ரோசாட் ஏவப்பட்டது. வானியலுக்கென்றே இந்தியா ஏவிய முதல் பல்அலைநீள ஆய்வுக்கலம் இது. இதிலுள்ள கருவிகளுள் ஒன்று, கேட்மியம் துத்தநாக டெல்லூரைடு படிகங்களால் ஆனது. அக்கருவி இயங்கத் தொடங்கிய அக்டோபர் 6 அன்றே ஒரு காமாக்கதிர் வெடிப்பைப் பதிவுசெய்தது. கருவி அத்திசையை நோக்கியிருக்கவில்லை. ஆற்றல் மிக்க கதிர்கள் கலத்தின் சுவர்களையே ஊடுருவி உள்ளே வந்தன. இதனால் பக்கவாட்டில் நிகழும் வெடிப்புகளையும் அக்கருவி காண இயல்கிறது. 2023-ஆம் ஆண்டிற்குள் அது கண்ட வெடிப்புகளின் எண்ணிக்கை அறுநூற்றை எட்டியது.

இக்கருவியில் 16,384 சிறு கட்டங்கள் உள்ளன. காமாத்துகள் ஒரு கட்டத்தில் மோதிச் சிதறி அண்டைக் கட்டத்தில் விழுவதுண்டு. எந்தப் பக்கத்தில் மிகுதியாகச் சிதறின என்பதை எண்ணினால், அக்கதிரின் அதிர்வுகள் ஒரு தளத்தில் ஒழுங்குற்றனவா என்பதை அறியலாம். இதனைத் தளவிளைவு என்பர். தாரையின் உள்ளே காந்தப்புலம் எவ்வாறு அமைந்துள்ளது என்னும் வினாவிற்கு இது துணைசெய்கிறது.

2017 ஆகஸ்ட் 17 அன்று ஆஸ்ட்ரோசாட் எதையும் காணவில்லை. அவ்வேளையில் வெடிப்பு நிகழ்ந்த திசையைப் பூமி மறைத்திருந்தது. ஆயினும் அச்செய்தி வீணாகவில்லை. காணாமையே ஒரு சான்றாயிற்று. வெடிப்பு பூமியின் மறைவில் இருந்த வானப்பகுதியிலேயே நிகழ்ந்திருக்க வேண்டும் என்று தேடும் பரப்பைச் சுருக்க அது உதவியது.

தரையிலும் இந்தியா இப்பணியில் பங்கேற்கிறது. லடாக்கின் ஹான்லேயில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில், சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய இமயச் சந்திரா தொலைநோக்கி உள்ளது. பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பின் வழியே அது இயக்கப்படுகிறது. விண்கலங்கள் அறிவிக்கும் வெடிப்புகளின் பின்னொளியை அது தொடர்ந்து அளந்து வருகிறது.

நாடுகளுக்கிடையே நிலவிய ஐயமே முதற்கருவியை விண்ணுக்கு அனுப்பியது. அக்கருவி ஒளியைக் கண்டது. ஆனால் அதன் இடத்தைத் தனித்து நின்று அறிய இயலவில்லை. ஒருவர் கண்டதை அடுத்தவர்க்கு உடனே அறிவித்த நாள் முதலே புதிர் அவிழத் தொடங்கியது. நொடிகளில் மறையும் ஒளியைப் பற்றுவதற்கு விழிப்பு வேண்டும். அதன் பொருளை அறிவதற்குப் பகிர்வு வேண்டும்.

சொற்பொருள்

இடர்ப்பாடு – துன்பம், தடை
வன்மை – வலிமை
செறிதல் – நெருங்கி அமைதல்
தணல் – நெருப்புக் கங்கு
பொருண்மை – நிறை
தாரை – ஒடுங்கிப் பாயும் ஒழுக்கு
நெடிது – நீண்டு
ஒளியாண்டு – ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவு

இலக்கணக் குறிப்பு

கண்காணா ஒளி (காணா) – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
இரவுபகல் – உம்மைத்தொகை
பேரொளி – பண்புத்தொகை
அளந்து – வினையெச்சம்
நீடிக்கும் வெடிப்பு – பெயரெச்சத் தொடர்

பகுபத உறுப்பிலக்கணம்

அறிந்தனர் = அறி + த்(ந்) + த் + அன் + அர்
அறி – பகுதி. த் – சந்தி, த் ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி.

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. வேலா செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டதன் நோக்கம்
(க) வானிலை அறிதல் (ங) அணுகுண்டுச் சோதனையைக் கண்டறிதல் (ச) விண்மீன்களை எண்ணுதல் (ஞ) தொலைபேசி இணைப்புத் தருதல்

2. காம்டன் கலம் பதிவுசெய்த வெடிப்புகள் வானில் அமைந்திருந்த முறை
(க) பால்வெளிப் பட்டையில் செறிந்து (ங) சூரியனைச் சூழ்ந்து (ச) எங்கும் சமமாகப் பரவி (ஞ) வடதிசையில் மட்டும்

3. பின்னொளியை முதன்முதலில் கண்டறிய உதவிய செயற்கைக்கோள்
(க) ஸ்விஃப்ட் (ங) ஃபெர்மி (ச) ஆஸ்ட்ரோசாட் (ஞ) பெப்போசாக்ஸ்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. காமாக்கதிர்களைக் காணக் கருவிகளை விண்வெளிக்கு அனுப்புவது ஏன்?
2. 1967-இல் பதிவான வெடிப்பு அணுகுண்டன்று என்பது எவ்வாறு தெரிந்தது?
3. பின்னொளி என்பது யாது?

இ. சுருக்கமாக விடை எழுதுக.

1. இரு கோள்கள் பெறும் காலவேறுபாட்டைக் கொண்டு திசையை அறியும் முறையைப் படகு உவமையால் விளக்குக.
2. 'காணாமையே ஒரு சான்றாயிற்று' – இத்தொடரின் பொருளைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.
3. நெடிய வெடிப்பு, குறுகிய வெடிப்பு ஆகியவற்றின் காரணங்களை வேறுபடுத்துக.

ஈ. விரிவாக விடை எழுதுக.

'ஒளியைக் கண்டது ஒரு கருவி. அதன் இடத்தைக் கண்டது ஒத்துழைப்பு' – இக்கருத்தை வேலா முதல் ஆஸ்ட்ரோசாட் வரையிலான வரலாற்றைக் கொண்டு நிறுவுக.

உ. கணக்கிடுக.

இரு செயற்கைக்கோள்களுக்கு இடையே உள்ள தொலைவு 1,80,000 கிலோமீட்டர். ஒரே வெடிப்பின் ஒளி அவற்றை வந்தடைவதில் மிகுதியாக எத்துணை நொடி வேறுபாடு இருக்கும்? இரண்டும் ஒரே நொடியில் ஒளியைப் பெற்றால் அவ்வொளி எத்திசையிலிருந்து வந்திருக்கும்? படம் வரைந்து காட்டுக.

ஊ. மொழிச் செயல்பாடு

பாடத்தில் ஒளியைக் குறிக்க வரும் பேரொளி, பின்னொளி, ஒளிப்பொறி, ஒளியாண்டு ஆகிய சொற்களைத் தனித்தனித் தொடர்களில் அமைத்து எழுதுக. மேலும் இவைபோன்ற நான்கு சொற்களை அகராதியிலிருந்து திரட்டுக.